பற்றரியைக் குறைசொல்லுமுன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளுக்கு இடையிலும் இன்றும் மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் காணலாம். 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இருந்த வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர அன்றைய கொழும்பு மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. மொறிஸ் மைனர்கள் குவிக்‌ஷோ வாடகைக் கார்களாக இந்த நகரம் முழுவதும் உழைத்தன. 2020 மார்ச்சில் மறுபடியும் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை அந்தத் தடை நீடித்தபோது, கராஜின் மூலையில் கிடந்த பழைய கார்களுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. இத்தகைய காரொன்று காலையில் கிளம்ப மறுத்தால் சுற்றி நிற்பவர்கள் சொல்லும் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: பற்றரி முடிந்துவிட்டது, புதிதாகப் போடுங்கள். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது என்பதே என் வாதம். கொழும்பின் கடலோரத்தில் பழைய கார் கிளம்பாமல் போவதற்குப் பாகங்கள் தேய்ந்ததைவிடப் பாகங்களுக்கு இடையிலான இணைப்புகள் கெட்டதே அடிக்கடி காரணமாகிறது. அந்தக் கேடு கண்ணுக்குத் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

பெற்றோல் எஞ்சின் கிளம்ப வேண்டுமானால் காற்றும் பெற்றோல் ஆவியும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும், அந்தக் கலவை சிலிண்டருக்குள் போதிய அளவு அமுக்கப்பட வேண்டும், அமுக்கம் உச்சத்தை நெருங்கும் கணத்தில் பிளக்கில் தீப்பொறி பாய வேண்டும். இவை நிகழ யாராவது அல்லது ஏதாவது எஞ்சினை முதலில் சுழற்றிவிட வேண்டும். 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் தயாரான மொறிஸ் மைனரில் இந்த ஏற்பாடு முழுவதையும் வெறுங்கண்ணால் பின்தொடரலாம். 12 வோல்ற்றுப் பற்றரி, தடித்த கம்பி, இழுப்புக் குமிழால் இயங்கும் ஸ்டார்ட்டர் சுவிட்ச், பேச்சு வழக்கில் ‘செல்ப்’ எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டார், கொயில், டிஸ்ரிபியூட்டர், நான்கு பிளக்குகள், ஒரு எஸ்.யூ. காபரேற்றர். கணினி இல்லை, உணரிகள் இல்லை. கொயிலையும், டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் என்ற தொடுகையையும் கொண்ட இந்தத் தீப்பொறி முறை அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் நூறாண்டுகளுக்கு முன் வகுத்தது. 1912இல் கடிலாக் காரில் வந்த மின்சார ஸ்டார்ட்டரும் அவருடையதே. முறை இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் அதன் பிழையைத் தேடுவதும் எளிது என்ற மயக்கம் நமக்கு வருகிறது.

மயக்கத்தை ஓமின் விதி தீர்த்து வைக்கிறது. ஒரு தடையினூடாக மின்னோட்டம் செல்லும்போது அங்கே இழக்கப்படும் வோல்ற்றளவு, மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் கிடைக்கும். மைனரின் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போது ஏறக்குறைய 150 அம்பியரை இழுக்கிறது என்று கொள்வோம். பற்றரி முனையில் கௌவியிருக்கும் இடுக்கிக்குள் படிந்த அழுக்கு, ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடையை மட்டுமே தருகிறது என்றும் கொள்வோம். அங்கே ஒன்றரை வோல்ற்று தொலைந்துவிடும். ஏர்த் வயர் உடலில் பூட்டப்பட்ட இடத்தில் இன்னொரு நூறிலொரு பங்கு இருந்தால் மேலும் ஒன்றரை. நல்ல பற்றரியேகூட சுமை ஏறியதும் 12.6 வோல்ற்றிலிருந்து 10.5 அளவுக்கு இறங்கும். அதில் மூன்றைக் கழித்தால் ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது ஏழரைதான். எஞ்சின் முனகிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். இதே இணைப்புகளினூடாக மூன்று அம்பியர் இழுக்கும் ஒரு சிறு விளக்கை எரித்துப் பாருங்கள்: இரண்டிலும் சேர்த்து நட்டம் ஒரு வோல்ற்றின் நூறில் ஆறு பங்கு. விளக்கு பளிச்சென்று எரியும். அடைபட்ட குழாய் ஒரு குவளையை நிரப்பிக் காட்டிவிட்டுத் தொட்டியை நிரப்பச் சொன்னால் கைவிடுவதைப் போன்றது இது. ஆகவே உள்விளக்கு எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது என்பதை வைத்து வயரிங் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்வதற்கு அடிப்படையே இல்லை.

இன்னொரு கண்ணி மல்ற்றிமீற்றரிலும் இருக்கிறது. பலர் கம்பியைக் கழற்றி ஓம் அளவில் வைத்துப் பார்த்து, பூச்சியத்துக்குக் கிட்ட வருகிறது, நல்லது என்கிறார்கள். சாதாரண மீற்றரின் சோதனைக் கம்பிகளுக்கே ஓர் ஓமின் பத்தில் ஓரிரு பங்கு தடை உண்டு. நாம் தேடும் குற்றவாளியோ அதைவிடப் பத்து மடங்கு சிறியவன். மீற்றரால் இந்தச் சிறு தடையைக் காண ஒரேயொரு வழிதான் உண்டு. வண்டியைக் கிளப்பும் அந்த நேரத்திலேயே, பெருமின்னோட்டம் ஓடும்போதே, இணைப்பின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வோல்ற்றை அளக்க வேண்டும். பற்றரியின் ஈய முனையில் ஒரு கம்பி, அதைக் கௌவியிருக்கும் இடுக்கியில் மறு கம்பி. இணைப்பு நல்லதென்றால் மீற்றர் அசையாது. அரை வோல்ற்றைத் தாண்டினால் அந்த இணைப்பே நோயாளி. மீற்றர் இல்லாதவருக்கும் இயற்பியல் ஒரு வழி வைத்திருக்கிறது. 150 அம்பியரும் ஒன்றரை வோல்ற்றும் சேர்ந்தால் 225 வாற்று வெப்பம் அந்த ஒரு பூட்டில் உண்டாகிறது. சில விநாடிகள் செல்ப் அடித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தால், சுடுகின்ற இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இந்தத் தடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கணக்குக்குள் நுழைகின்றன. இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும்போது பரப்பு முழுவதும் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகள் சில இடங்களில் மட்டுமே உரசுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளினூடாகவே கடக்க வேண்டும். பூட்டு இறுகினால் மேடுகள் நசிந்து புள்ளிகள் பெருகும். தளர்ந்தாலோ ஒட்சைட்டுப் படிந்தாலோ புள்ளிகள் குறையும். கடற்கரையில் உடையும் அலை வீசியெறியும் உப்புத் துளிகள் கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றர்களுக்குள்தான் அடர்த்தியாகப் படிகின்றன. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட வீடுகள் யாவும் அந்த எல்லைக்குள் அடங்கும். துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைக்கும் இந்தக் காற்று புதிதன்று. சோடியம் குளோரைட்டு ஒரு திட்டவட்டமான குணமுள்ளது: சாரீரப்பதன் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 விழுக்காடே போதும். கொழும்பில் இரவு முழுவதிலும் காலையிலும் சாரீரப்பதன் 75ஐத் தாண்டியே நிற்கிறது. மழையே பெய்யாத நாளிலும் இணைப்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும் என்பது இதன் பொருள். ஈய முனை, பித்தளை இடுக்கி, செப்புக் கம்பி, இரும்பு உடல் என வேறு வேறு உலோகங்கள் அந்த உப்புநீரில் ஒன்றாக நனையும்போது அவை தாமே ஒரு சிறு மின்கலமாகி, அவற்றில் தாழ்ந்தது அரிக்கப்படத் தொடங்குகிறது. செப்போடு சேர்ந்த இரும்பு முதலில் இரையாகிறது. ஏர்த் வயர் உடலில் பூட்டப்பட்ட இடம் எப்போதும் முதலில் கெடுவது அதனால்தான். வெளியே பெயின்ற் மினுங்கும். வாசருக்கு அடியில் துரு.

இனித் தீப்பொறிக்கு வருவோம், ஏனெனில் இங்கேதான் பலரும் தவறான சாட்சியை நம்புகிறார்கள். செல்ப் அடித்தால் கிளம்பாத கார், நான்கு பேர் தள்ளியதும் கிளம்பிவிடுகிறது. உடனே பற்றரி பலவீனம் என்று முடிவு செய்யப்படுகிறது. தள்ளும்போது ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை, 150 அம்பியர் ஓடவில்லை, ஆகவே எந்த இணைப்பிலும் வோல்ற்று தொலையவில்லை. கொயிலுக்கு முழுப் பன்னிரண்டும் கிடைத்துவிட்டது. கெட்ட இணைப்புள்ள காரும் பலவீனமான பற்றரியுள்ள காரும் தள்ளினால் ஒரே மாதிரித்தான் கிளம்பும். எனவே அந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக்காட்டாது. கொயிலில் சேரும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதமானது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின்னோட்டம் வோல்ற்றளவையே பின்பற்றுகிறது. 12 வோல்ற்று 8ஆகக் குறைந்தால் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவதாக நினைத்துவிடக் கூடாது. அது ஒன்பதில் நான்கு பங்காகிவிடுகிறது, பாதிக்கும் கீழே. மைனரின் எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் கியர்பெட்டியையும் உடலோடு இணைக்கும் பின்னல் பட்டி ஒன்றுதான் ஸ்டார்ட்டருக்கும் டிஸ்ரிபியூட்டருக்கும் பொதுவான திரும்பும் வழி. அந்தப் பட்டி துருப்பிடித்தால் செல்ப் அடிக்கும் அதே கணத்தில் எஞ்சின் உலோகம் முழுவதும் காரின் உடலிலிருந்து இரண்டு வோல்ற்று விலகி நிற்கும். கொயில் அந்த இரண்டையும் இழக்கும். பட்டி முற்றாக அறுந்தால் மின்சாரம் சோக் கம்பியையும் அக்சிலரேற்றர் கம்பியையும் வழியாக்கிக்கொள்ளும். செல்ப் அடிக்கும்போது சோக் கம்பி சுட்டுப் புகைவதைக் கண்டவர்கள் பழுதை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஹெட்லைற்றை எரியவிட்டுச் செல்ப் அடிப்பது பழைய சோதனை, ஆனால் அதன் விடையைப் பலர் பாதியே வாசிக்கிறார்கள். வெளிச்சம் மங்கி, செல்பும் முனகினால் பழுது பற்றரியில் அல்லது பற்றரி முனைகளில் இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் செல்ப் மட்டும் முனகினால், பற்றரி நிரபராதி. ஸ்டார்ட்டர் சுவிட்ச், தடித்த கம்பி, எஞ்சின் ஏர்த், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் ஒன்றே காரணம். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே எத்தனையோ புதிய பற்றரிகள் கடையிலேயே இருந்துவிடும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. புதிய பற்றரி போட்டார்கள், கார் கிளம்பியது, பிறகென்ன வாதம் என்று கேட்கலாம். அனுபவம் பொய் சொல்வதில்லை என்பார்கள். சொல்வதில்லைதான், ஆனால் அது எதற்குச் சாட்சி என்பதை நாம் பிழையாக எடுத்துக்கொள்ளலாம். பற்றரியை மாற்றும் பாஸ், அதாவது மெக்கானிக், முதலில் இரண்டு இடுக்கிகளையும் கழற்றுகிறார். முறுக்கி இழுக்கிறார், உட்பக்கம் சுரண்டப்படுகிறது. புதிய பற்றரியின் பளபளப்பான ஈய முனையில் மாட்டி இறுக்குகிறார். தொடுகைப் புள்ளிகள் பெருகிவிடுகின்றன. காரைக் குணமாக்கியது புதிய பற்றரியா, அந்தக் கழற்றலும் இறுக்கலுமா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் எது மருந்தென்று சொல்ல முடியாது. ஸ்டார்ட்டரைக் கழற்றி மாற்றினாலும், கொயிலை மாற்றினாலும் இதே கதை: பாகம் மாறும்போதெல்லாம் அதன் இணைப்பும் புதுப்பிக்கப்படுகிறது, புகழ் பாகத்துக்குப் போகிறது. உண்மையை அறிய ஒரு நேர்மையான வழி உண்டு. முதலில் பழைய பற்றரியையே கழற்றி, முனைகளைத் துடைத்து, மறுபடி அதையே பூட்டிப் பாருங்கள். அப்போதும் முனகினால், ஈய முனைகளிலேயே மீற்றரை வைத்துச் செல்ப் அடியுங்கள். ஒன்பதரை வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரியில் மின்னேற்றம் இல்லை, அல்லது அது உண்மையிலேயே முடிந்துவிட்டது. அப்போது மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. வெப்ப நாட்டில் ஈயப் பற்றரியின் ஆயுள் குறைவு. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் கூடினால் அதன் உள்வேதி மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆனால் மாற்றுவதற்கு முன் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். பழைய காரின் டைனமோ, ஐடிலில் நிற்கும்போது அநேகமாக மின்னேற்றுவதே இல்லை. பம்பலப்பிட்டி நெரிசலில் விளக்கும் வைப்பரும் போட்டபடி ஊர்ந்து போகும் கார் சேமிப்பதைவிடச் செலவழிப்பதே அதிகம். அரைகுறை மின்னேற்றத்தில் நெடுநாள் கிடக்கும் பற்றரித் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிந்து, பற்றரி மெய்யாகவே செத்துப்போகிறது. அங்கே அது விளைவு. காரணம் வேறிடத்தில் இருப்பதால் அடுத்த பற்றரியும் அதே வழியில் போகும்.

கைதேர்ந்த பாஸ்மார் காதாலேயே பிழையைக் கண்டுபிடிக்கிறார்களே, மீற்றர் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். மைனரின் எஸ்.யூ. மின்பம்பு திறப்பைத் திருப்பியதும் சில தடவை டிக் டிக்கென்று அடித்து ஓய வேண்டும். ஓயாமல் வேகமாக அடித்தால் பெற்றோல் இல்லை அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் பம்பின் உள்ளேயுள்ள தொடுகை முனைகள் ஒட்சியேறி இருக்கின்றன, மெல்லத் தட்டினால் உயிர் வரும். காது இங்கே மிகச் சிறந்த கருவி. ஆனால் பலவீனமான பற்றரியும் கெட்ட ஏர்த்தும் ஒரே முனகலைத்தான் தருகின்றன. எந்தக் காதும் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் ஸ்டார்ட்டருக்கே வேறுபாடு தெரியாது. மேலும், தட்டியதும் பம்பு வேலை செய்ததென்றால் அங்கேயும் கெட்டது பம்பன்று, அதற்குள் இருக்கும் ஒரு தொடுகை. டிஸ்ரிபியூட்டரின் பொயின்ற்றும் அப்படியே. 0.35 இலிருந்து 0.40 மில்லிமீற்றர் வரை இடைவெளி விட வேண்டிய அந்தச் சிறு தொடுகை, கார் சில வாரங்கள் நின்றாலே மங்கிவிடும். அதன் பக்கத்திலுள்ள கண்டென்சர் பழுதானால் முனைகள் கருகி, பொறி மஞ்சளாகி மெலியும். இரவில் குளிர்ந்த எஞ்சின் உலோகம், காலையில் ஈரக்காற்று சூடேறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குவதால் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் பனிநீர் கோக்கும். உப்பு கலந்த அந்த நீர்ப்படலம் ஆயிரக்கணக்கான வோல்ற்றைப் பிளக்குக்குப் போக விடாமல் வழிமாற்றிவிடும். உலர்ந்த துணியால் மூடியின் உட்புறத்தைத் துடைப்பது முட்டாள்தனமான சடங்கன்று. ஆனால் உட்சுவரில் மயிரிழை போன்ற கரிக்கோடு தெரிந்தால் துடைப்பது பயன்தராது, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியே பேசிவிட்டுப் பெற்றோலை மறந்தால் வாதம் அரைகுறையாகும். மொறிஸ் மைனரின் கையேடு இங்கிலாந்தின் பனிக்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே காலையில் எண்ணெய் தடித்திருக்கும், பெற்றோல் ஆவியாக மறுக்கும், ஆகவே சோக்கை இழுக்க வேண்டும். எஸ்.யூ. காபரேற்றரில் சோக் என்பது காற்றை அடைப்பதன்று, ஜெற்றைக் கீழிறக்கிப் பெற்றோலைக் கூட்டுவது. கொழும்பின் விடியற்காலை வெப்பநிலையே 24, 25 பாகை. முழுச் சோக்கையும் இழுத்துத் திரும்பத் திரும்பச் செல்ப் அடித்தால் திரவப் பெற்றோல் பிளக்கை நனைத்து, பொறி பாய வேண்டிய இடத்தில் பாயாமல் கசிந்து போகும். கிளம்புவதற்குத் தேவை பெற்றோலின் அளவைவிட அதன் ஆவிதான் என்பதை 1990க்கும் 1995க்கும் இடையிலான யாழ்ப்பாணம் இந்த நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் குடாநாட்டின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் காபரேற்றருக்குள் விடப்பட்டது. எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பொறுப்பேற்றது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு 38 பாகையாவது வேண்டும். புகை எழுந்தது, எஞ்சின் இடித்தது, ஆனால் நோயாளிகள் ஆசுபத்திரி போய்ச் சேர்ந்தார்கள். கிளம்புவதும் ஓடுவதும் வேறு வேறு தேவைகள் என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனை எந்த ஆய்வுகூடத்திலும் நடந்ததில்லை என்றே சொல்வேன். அதைச் செய்தவர்கள் பெயர் தெரியாத பாஸ்மார். வெள்ளவத்தையில் இன்று வாழும் பலருக்கு அந்தப் புகையின் மணம் இன்னும் நினைவிருக்கும்.

காலையில் ஒழுங்காகக் கிளம்பிய கார், காலி வீதியில் ஒரு மணிநேரம் ஊர்ந்து, கடை வாசலில் பத்து நிமிடம் நின்றபின் கிளம்ப மறுப்பது வேறு நோய். இங்கே இணைப்புகளைக் குற்றஞ்சொல்ல மாட்டேன். எஞ்சினை நிறுத்தியதும் விசிறி நிற்கிறது, நீர் சுற்றுவது நிற்கிறது, இரும்புக்குள் இருந்த வெப்பம் மேலெழுகிறது. மைனரில் காபரேற்றர் புகைபோக்கிக் குழாயின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெற்றோலின் இலகுவான பகுதிகள் 35 பாகைக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். மிதவை அறையில் கொதித்த பெற்றோல் ஜெற் வழியே வழிந்து எஞ்சினை மூச்சுத்திணறச் செய்யும், அல்லது குழாயில் ஆவிக்குமிழி அடைத்துப் பம்பு வெறுமனே அடிக்கும். சோக்கைத் தொடாமல் அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்துப் பிடித்துச் செல்ப் அடிப்பதும், பொனற்றைத் திறந்து வைத்துக் கால்மணி நேரம் பொறுப்பதுமே இதற்குத் தீர்வு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சூடான செப்புக்கம்பியின் தடையும் கூடுகிறது. குளிரில் சமாளித்துக்கொண்ட கெட்ட இணைப்பு சூட்டில் முற்றாகக் கைவிடும். வெப்ப நோய்க்குள்ளும் பழைய குற்றவாளி ஒளிந்திருக்கக்கூடும்.

அமுக்கம் குறைவது இன்னொரு விதிவிலக்கு. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. குழந்தைகளின் மூளைக்கு நஞ்சான ஈயம் போனது மிக நல்லது, அதில் இரண்டாம் பேச்சில்லை. பழைய எஞ்சின்களில் அந்த ஈயம் புகைவால்வின் இருக்கையில் மெல்லிய காப்புப் படலமாகவும் படிந்துவந்தது. அது இல்லாமல் வார்ப்பிரும்பு இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும்போது 0.30 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய வால்வு இடைவெளி மூடிவிடும். வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் கசியும், கார் கிளம்பத் திணறும். இந்தத் தேய்வு நீண்ட வேகப் பயணங்களில்தான் விரைவாக நடக்கும். கொழும்புக்குள்ளேயே ஊரும் கார்களுக்கு அச்சம் குறைவு. யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் ஓடுபவர்கள் இடைவெளியை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தொல்லைப்படுவானேன், மின்னணுத் தீப்பொறி முறையைப் பூட்டிவிட்டால் முடிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். பொயின்ற்றின் தேய்வை அது உண்மையாகவே நீக்குகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நீக்குவது பல தொடுகைகளில் ஒன்றை மட்டுமே. மின்சாரம் வரும் வழி பழைய வழியே. பொயின்ற் எட்டு வோல்ற்றிலும் மெலிந்த பொறியையாவது தரும். சில மின்னணுத் தொகுதிகள் வோல்ற்று மிகத் தாழ்ந்தால் அடியோடு ஓய்ந்துவிடும். ஆகவே ஏர்த் கெட்ட காரில் அது நோயைக் கூட்டவும் கூடும். பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலில் ஏர்த் ஆகியிருக்கும். றேடியோவுக்காகவோ புதிய கருவிக்காகவோ அதை மறைமுனைக்கு மாற்றுபவர்கள் கொயிலின் இரண்டு சிறு கம்பிகளையும் இடம்மாற்ற மறந்துவிடுகிறார்கள். மறந்தால் பொறி எதிர்த்திசையில் பாய வேண்டிவரும். பிளக்கின் சூடான நடு முனையிலிருந்து இலத்திரன்கள் இலகுவாகப் புறப்படும். குளிர்ந்த ஓர முனையிலிருந்து புறப்படக் கூடுதல் வோல்ற்று வேண்டும். கார் ஓடும், ஆனால் மழைக்காலை வந்ததும் முரண்டுபிடிக்கும், காரணம் யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

பாகங்கள் கிடைக்காத நாடு இதுவன்று. பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் எதுவும் அகப்படும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் 1990களில் மைனர் பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினார் என்றால், இந்த வண்டியை அறிந்த கைகள் இங்கே எத்தனை இருந்தன என்பது விளங்கும். அந்தக் கைகளின் அறிவு புதுப்பெட்டியைத் திறந்து மாற்றுவதில் வீணாகக் கூடாது என்பதே என் கவலை. பஸ்ஸேறிப் பஞ்சிகாவத்தைக்குப் புறப்படுமுன் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். பற்றரியின் இரு முனைகளையும், ஏர்த் வயரின் இரு நுனிகளையும், எஞ்சின் பட்டியையும், ஸ்டார்ட்டர் சுவிட்சின் பூட்டுகளையும் கழற்றி, உலோகம் தெரியும்வரை மணற்கடதாசியால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின்னர் மேலே வசலின் பூசுங்கள். பூட்டுமுன் பூச வேண்டாம். கழற்றும்போது ஏர்த் பக்கத்தை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் செய்யுங்கள். மே மாதத் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன் ஒருமுறையும் ஒக்டோபர் மழைக்கு முன் ஒருமுறையும் இதைச் செய்து, அதன்பிறகும் கார் கிளம்பாவிட்டால் மட்டும் பாகம் வாங்கப் போங்கள்.